நாலு கவுன்டர், ஒரு பாலம்: மாமனார் மாமியாரோடு ஜொகூர் போய் வந்த கதை

போன வருஷம் ஜூன் மாதம் மன்னார்குடியிலிருந்து என் மாமனாரும் மாமியாரும் சிங்கப்பூர் வந்திருந்தார்கள். பத்து நாளில் பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாகிவிட்டது. மெரினா பே, மிருகக்காட்சி சாலை, தேக்கா மார்க்கெட், வீரமாகாளியம்மன் கோயில், முஸ்தபாவில் மூன்று நடை. பதினோராம் நாள் காலையில் மாமா காபி டம்ளரோடு சமையலறை ஜன்னல் பக்கம் நின்றுகொண்டிருந்தார். எங்கள் வீடு செம்பவாங்கில் பதினான்காவது மாடி. வடக்கே பார்த்தால் தண்ணீருக்கு அந்தப் பக்கம் உயரமான கட்டடங்கள் தெரியும்.

"அது எந்த ஏரியாம்மா?"

"அது மலேசியா மாமா. ஜொகூர் பாரு."

அவ்வளவுதான். "ஜன்னல்ல தெரியற ஊருக்குப் போகாமலா திரும்புறது?" என்று ஆரம்பித்துவிட்டார். அத்தைக்கும் ஆசைதான். ஒரே பயணத்தில் இரண்டு நாடு பார்த்தோம் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாமே.

நானும் என் கணவரும் எட்டு வருஷமாக இங்கே இருக்கிறோம். ஜேபிக்கு (ஜொகூர் பாருவை இங்கே அப்படித்தான் சொல்வோம்) எத்தனை முறை போயிருக்கிறோம் என்று கணக்கே இல்லை. அந்தத் தெம்பில்தான் எல்லாத் தப்பையும் செய்தோம். இரண்டு பேராக, கையில் வேலை பாஸ் வைத்துக்கொண்டு போய் வருவது வேறு. எழுபதை நெருங்கும் இருவரை, சுற்றுலா விசாவில் வந்தவர்களை, கூட்டிப்போவது முற்றிலும் வேறு. இரண்டு நாட்டையும் இணைக்கிற பாலத்தின் நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம். ஆனால் இந்தப் பயணத்தைக் கிலோமீட்டரில் அளக்கக் கூடாது, கவுன்டரில் அளக்க வேண்டும். சிங்கப்பூரை விட்டு வெளியேற ஒன்று, மலேசியாவுக்குள் நுழைய ஒன்று, சாயங்காலம் மறுபடி அங்கே ஒன்று, இங்கே ஒன்று. மொத்தம் நாலு. நாலாவது கவுன்டரை எப்படித் தாண்டப் போகிறோம் என்று முதலில் யோசித்துவிட்டு, அப்புறம்தான் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைப் பேச வேண்டும்.

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். பள்ளி விடுமுறை, அதுவும் சனிக்கிழமை, காலை பத்து மணிக்குச் சாவகாசமாக இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். முன்பெல்லாம் ஜொகூரில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. 2025 ஜனவரியிலிருந்து அவர்களும் சனி ஞாயிறுக்கு மாறிவிட்டார்கள். அங்கேயிருந்து இங்கே வருகிறவர்களுக்கும் இங்கேயிருந்து அங்கே போகிறவர்களுக்கும் இப்போது ஒரே நாளில்தான் லீவு. சாதாரண நாளிலேயே, பாலத்தின் சிங்கப்பூர்ப் பக்கத்தில் இருக்கிற உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியைச் சுமார் மூன்று லட்சம் பேர் கடக்கிறார்கள். பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

உட்லண்ட்ஸ் பேருந்து முனையத்தில் 950 ஏறினோம். இதில் ஒரு விஷயத்தை மாமாவுக்கு விளக்கவே பத்து நிமிஷம் ஆனது. பஸ் நம்மைச் சோதனைச்சாவடியில் இறக்கிவிடும். நமக்காகக் காத்திருக்காது. குடிநுழைவை முடித்துவிட்டுக் கீழே வந்து, அதே எண் போட்ட அடுத்த பஸ்ஸில் ஏற வேண்டும். பாலத்தைத் தாண்டியதும் மறுபடி இறங்கி மலேசியக் குடிநுழைவுக்குப் போக வேண்டும். அதனால் ஒவ்வொரு முறையும் கைப்பை, குடை, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுதான் இறங்க வேண்டும். அட்டையைத் தட்டி ஏறுகிறவர்கள் இறங்கும்போதும் தட்ட வேண்டும், அதே அட்டையால். டிக்கெட் கொடுக்கிற தனியார் பஸ்ஸாக இருந்தால் அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கிப் போடக் கூடாது, பாலத்தைத் தாண்டுகிற இரண்டாவது பஸ்ஸுக்கும் அதுதான் டிக்கெட். இத்தனையும் சொல்லிக் கூட்டிப்போயும் அத்தை புளியோதரைப் பொட்டலம் வைத்திருந்த துணிப்பையை முதல் பஸ்ஸிலேயே விட்டுவிட்டார். "பஸ் அங்கேயேதான் நிக்கும்னு நினைச்சேன்" என்றார். நம் ஊரில் டீ குடிக்க நிற்கிற பஸ் நினைப்பு.

பாலத்தில் பஸ் நகரவே இல்லை. பக்கத்தில் நடைபாதையில் ஆட்கள் சாரைசாரையாக நடந்து போனார்கள். இளவட்டங்கள் அப்படி நடப்பது சகஜம். மாமா, "நாமும் நடந்தா என்ன?" என்றார். மதியம் பன்னிரண்டு மணி வெயில், அத்தைக்கு முழங்கால் வலி. வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டோம்.

மலேசியப் பக்கத்தில்தான் முதல் பாடம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு மலேசியா போக விசா வேண்டாம். 2023 டிசம்பர் 1 முதல் முப்பது நாள் வரை விசா இல்லாமல் போகலாம் என்று கொண்டுவந்தார்கள், அதை 2026 கடைசி வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆனால் விசா வேண்டாம் என்றால் ஒன்றுமே வேண்டாம் என்று அர்த்தமில்லை. மலேசியாவின் மின்னியல் வருகை அட்டையை, போவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு இது தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரர் "நான் ஒருநாளும் நிரப்பினதில்லையே" என்று சொன்னால் அவர் சிவப்புப் பாஸ்போர்ட்காரர் என்று புரிந்துகொள்ளுங்கள். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கிற நாம், வேலை பாஸ் ஆனாலும் நிரந்தரவாசி ஆனாலும், நிரப்பத்தான் வேண்டும். எங்கள் இருவருக்கும் நிரப்பியிருந்தோம். மாமா, அத்தைக்கு "வரிசையில் நிற்கும்போது போட்டுக்கலாம்" என்று விட்டிருந்தோம். வரிசையில் நின்றபோது என் போன் பாதி சிங்கப்பூர் நெட்வொர்க்கிலும் பாதி மலேசிய நெட்வொர்க்கிலுமாக மாறி மாறிக் குதித்துக்கொண்டிருந்தது. அந்த இணையப் பக்கம் திறக்கவே இல்லை. வரிசையை விட்டு வெளியே வந்து, ஓரமாக நின்று, இருபத்தைந்து நிமிஷம் போராடி நிரப்பினேன். பிறகு வரிசையின் வாலுக்குப் போனோம்.

அந்தப் படிவத்தில் எல்லோரும் தடுமாறுகிற இடங்கள் இரண்டு. ஒரே நாளில் திரும்புகிறவர்களிடமும் மலேசியாவில் தங்கும் முகவரி கேட்கும். எங்கே போகப் போகிறோமோ அந்த வணிக வளாகத்தின் முகவரியையே போட்டுவிடுவோம். வாகன எண் கேட்கும், பஸ்ஸில் போனால் பஸ் எண் போதும். இன்னொன்று நம் ஆட்களுக்கே உரிய தலைவலி, பெயர். மாமாவின் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர் ஒரு கட்டத்தில், அவர் பெயர் இன்னொரு கட்டத்தில். அத்தை பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலி. வங்கியில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி, டிக்கெட்டில் இனிஷியலோடு ஒரு மாதிரி என்று நாம் பழகிவிட்டோம். எல்லையில் அந்தப் பழக்கத்தை மறந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறதோ அதை எழுத்து மாறாமல் போடுங்கள். இனிஷியல் சேர்க்காதீர்கள், விரிக்காதீர்கள்.

கவுன்டரில் விரல் ரேகை எடுத்தார்கள். அத்தைக்கு உடனே விழுந்தது. மாமாவுக்கு விழவில்லை. நாற்பது வருஷம் மண்வெட்டி பிடித்த கை. ஆள்காட்டி விரல் நுனி வழவழவென்று, பித்தளைச் செம்பின் அடி மாதிரி இருக்கும். அந்தப் பெண் அதிகாரி ஈரத் துணித்தாள் ஒன்றைக் கொடுத்துத் துடைக்கச் சொன்னார். துடைத்தார். விழவில்லை. அழுத்தச் சொன்னார். அழுத்தினார். நாலாவது தடவை என்னைக் கூப்பிட்டு, மாமாவின் விரலை என் கையால் பிடித்து அந்தக் கண்ணாடியில் உருட்டச் சொன்னார். ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்தது. "பத்திரப் பதிவு ஆபீஸ்லயும் இதே கூத்துதான்" என்று மாமா சிரித்தார். வயதானவர்களோடு போகிறவர்கள் கையில் கொஞ்சம் ஈரத்தாளும், ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயோ கிரீமோ வைத்துக்கொள்ளலாம். காய்ந்த விரலுக்குக் கொஞ்சம் பசை வேண்டியிருக்கிறது. அப்புறம், கவுன்டர் வழியாகப் போனவர்கள் முத்திரை விழுந்திருக்கிறதா என்று அங்கேயே திறந்து பாருங்கள். நுழைந்த முத்திரை இல்லாமல் சாயங்காலம் வெளியேறப் போனால் கேள்வி மேல் கேள்வி.

வெளியே வந்தபோது மணி இரண்டரை. ஜன்னலில் தெரிகிற ஊருக்கு வர நாலரை மணி நேரம். அதே நேரத்தில் சென்னைக்கு விமானத்தில் போயிருக்கலாம்.

ஜேபியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. ஜலான் உங்கு புவான் தெருவில் நுழைந்ததும் மாமா முகம் மலர்ந்தது. பூக்கடை, ராஜமாரியம்மன் கோயில், வாழையிலைச் சாப்பாடு, பக்கத்து மேசையில் தமிழ். ஒரு வெள்ளிக்கு, அதாவது சிங்கப்பூர் டாலருக்கு, மூன்று மலேசிய ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கிற காலத்தில், சிங்கப்பூரில் ஒருவர் சாப்பிடுகிற காசில் நாலு பேர் சாப்பிட்டோம் என்று அத்தை கணக்குப் போட்டார். ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலுக்கு கிராப் வாடகைக் காரில் போனோம், சிங்கப்பூரில் வைத்திருக்கிற அதே செயலி அங்கேயும் வேலை செய்யும். சுவர், தூண், கூரை எங்கும் பொடிப்பொடியாகக் கண்ணாடித் துண்டு பதித்திருக்கிறார்கள். அத்தை தன் பட்டுப் புடவையின் கரை நூறு துண்டாகக் கூரையில் மினுங்குவதையே கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பும்போது ஜலான் தான் ஹியோக் நீயில் விறகடுப்பில் சுடுகிற வாழைப்பழக் கேக் ஒரு பெட்டி.

அங்கேதான் மாமா ஒரு வேலை செய்யப் பார்த்தார். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கம் உண்டு, கூடவே புகையிலையும். சாங்கி வந்து இறங்கியதிலிருந்து புகையிலை இல்லாமல் தவித்துக்கொண்டிருந்தார். ஒரு கடையில் பொட்டலத்தைப் பார்த்ததும் வேட்டி மடிப்பில் செருகிவிட்டார். நல்லவேளை, அத்தை போட்டுக்கொடுத்துவிட்டார். சிங்கப்பூரில் மெல்லும் புகையிலைக்குத் தடை. சிகரெட்டுக்கு வரி விலக்கே கிடையாது, திறந்த ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். மின்சிகரெட் பக்கமே போகக் கூடாது. மலேசியாவிலிருந்து வருகிறவர்களுக்கு மது பாட்டிலுக்கும் வரி விலக்கு இல்லை. விமான நிலையத்து நினைப்பில் ஒரு பாட்டில் வாங்கி வந்து மாட்டிக்கொள்கிறவர்கள் நிறைய. பச்சை இறைச்சியும் வேண்டாம். பொருள் வாங்குகிறவர்களுக்கு ஒரு கணக்கு: நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திரும்பினால் நூறு வெள்ளிப் பொருளுக்குத்தான் ஜிஎஸ்டி விலக்கு, அதுவும் வேலை பாஸ், மாணவர் பாஸ், சார்ந்திருப்போர் பாஸ்காரர்களுக்கு இல்லை. எங்களைப் போன்றவர்கள் பத்து வெள்ளிப் பொருளுக்கும் சட்டப்படி அறிவிக்க வேண்டியவர்கள்தான். புகையிலையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். அவர் காசையும் திருப்பிக் கொடுத்தார்.

இப்போது நாலாவது கவுன்டருக்கு வருகிறேன். சுற்றுலா விசாவில் வந்தவர்களை வெளியே கூட்டிப்போகிற யாரும் முதலில் பார்க்க வேண்டியது அவர்களுடைய சிங்கப்பூர் விசாத் தாளை. அதில் எத்தனை பயணம் என்று போட்டிருக்கும். ஒற்றைப் பயணம் என்று இருந்தால் பாலத்தைத் தாண்டாதீர்கள். தாண்டிவிட்டால் அந்த விசா முடிந்தது. என் கணவரோடு வேலை செய்கிற ஒருவர் தம்பியை இப்படித்தான் மதியச் சாப்பாட்டுக்கு ஜேபி கூட்டிப்போனார். சாயங்காலம் அண்ணன் உள்ளே வந்துவிட்டார், தம்பியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். புது விசா வருகிற வரைக்கும் தம்பி ஜேபியில் அறை எடுத்துத் தங்கினார். மாற்றுத் துணி, மாத்திரை, போன் சார்ஜர் எல்லாம் இந்தப் பக்கம்.

எங்கள் வீட்டில் பலமுறைப் பயண விசாதான். அதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினோம், நாங்கள் சரியாகச் செய்த ஒரே காரியம். ஆனால் இன்னொன்றைக் கோட்டைவிட்டோம். சிங்கப்பூரின் வருகை அட்டை. விமானத்தில் வந்தபோது நிரப்பியாயிற்றே என்று இருந்துவிட்டோம். அது ஒரு முறை நுழைவதற்குத்தான். காலையில் வெளியேறி மாலையில் திரும்பினாலும் சுற்றுலாப் பயணிகள் மறுபடி நிரப்ப வேண்டும். தரைவழி வருகிற வேலை பாஸ்காரர்களுக்கு இது இல்லை என்பதால் எங்களுக்குப் பழக்கமே இல்லை. இதையும் மூன்று நாள் முன்பிருந்தே நிரப்பலாம். அதாவது காலையில் வீட்டில் வைஃபையில் உட்கார்ந்து, போவதற்கு ஒன்றும் வருவதற்கு ஒன்றும் சேர்த்து முடித்துவிடலாம். இரண்டுமே இலவசம். காசு கேட்கிற இணையதளம் எதுவும் அரசாங்கத்துடையது இல்லை, உடனே மூடிவிடுங்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு மலேசியப் பக்கத்தில் வரிசையில் சேர்ந்தோம். வீடு வந்து சேர்ந்தபோது மணி பத்தேகால். நடுவில் நடந்ததில் சொல்ல வேண்டியது இரண்டு. மாமாவுக்குச் சர்க்கரை உண்டு. வரிசையில் புகுந்துவிட்டால் கழிப்பறைக்குப் போய் வருவது லேசில்லை. அதனால் சேருவதற்கு முன்பே போய்விட வேண்டும், பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் வேண்டும். அடுத்தது, சோதனைச்சாவடியில் நிற்கிற அதிகாரிகளிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நாங்கள் சங்கோஜப்பட்டு ஒன்றரை மணி நேரம் நின்றோம். கடைசியில் அத்தை தரையில் உட்காரப் போனதைப் பார்த்து ஒரு அதிகாரியே வந்து முதியோருக்கான வரிசைக்கு அழைத்துப் போனார். முதலிலேயே கேட்டிருந்தால் முதலிலேயே விட்டிருப்பார்கள்.

திரும்பி நுழைந்ததும் மின்னஞ்சலில் புது வருகை பாஸ் வந்தது. எத்தனை நாள் தருவது என்பது அதிகாரியின் முடிவு. "ஜேபி போயிட்டு வந்தா இன்னும் ஒரு மாசம் கிடைக்கும்" என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அதற்காகவே போய் வருகிறார்கள் என்று தெரிந்தால் நேராகவே கேட்பார்கள். அதே மாதிரி, ஊருக்குத் திரும்பும் விமானத்துக்கு முதல் நாள் எல்லை தாண்டுகிற விஷப்பரீட்சையும் வேண்டாம்.

இவ்வளவு பட்ட பிறகும் அடுத்த வாரம் மலேசியாவிலேயே இருக்கிற மலாக்கா போனோம். இது ஒருநாள் ஊர் இல்லை. சுமார் 240 கிலோமீட்டர், எல்லை நன்றாக இருந்தால் நாலு மணி நேரம். சிலர் காலையில் போய் இரவு திரும்புகிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஒரு இரவாவது தங்குங்கள். விரைவுப் பேருந்தில் போனால் அது எல்லையில் நமக்காக நிற்கும், ஆனால் எவ்வளவு நேரம் என்பதுதான் கேள்வி. எங்கள் பஸ்ஸில் எல்லோரும் தானியங்கி வாசலில் சட்சட்டென்று போய்விட்டார்கள். மாமா விரலோடு நாங்கள் கடைசி. கீழே வந்து பார்த்தால் ஒரே மாதிரி ஏழெட்டு பஸ். எது எங்களுடையது? காலையில் ஏறும்போதே வண்டி எண்ணைப் படம் எடுத்து வைத்திருந்தேன், அதனால் பிழைத்தோம். ஓட்டுநர் என்ஜினைப் போட்டுவிட்டுக் கடிகாரத்தைக் காட்டினார். பஸ் முழுக்க எங்களை முறைத்தது. ஏறும்போதே ஓட்டுநரிடம் "வயசானவங்க இருக்காங்க, கொஞ்சம் தாமதமாகும்" என்று சொல்லி, அவர் எவ்வளவு நேரம் நிற்பார் என்று கேட்டுக்கொள்வது உத்தமம். பஸ் போய்விட்டாலும் கலங்க வேண்டாம், ஜேபியின் லார்க்கின் பேருந்து நிலையத்திலிருந்து மலாக்காவுக்கு வண்டி கிடைக்கும்.

மலாக்காவில் 1781இல் கட்டிய பொய்யாத விநாயகர் கோயில் இருக்கிறது. அதே தெருவில் பள்ளிவாசல், சீனக் கோயில். சுல்தான்கள் காலத்தில் வியாபாரத்துக்கு வந்து அங்கேயே வேர்விட்ட தமிழர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகளின் குடியிருப்பும் அந்த ஊரில்தான். வீட்டில் பேசுவது மலாய், நெற்றியில் விபூதி. மாமாவுக்கு அந்த ஊர் ஜேபியை விடப் பிடித்தது. எனக்கும்தான்.

பாத்தாம் பற்றிக் கொஞ்சம். அது இந்தோனேசியா. ஹார்பர்ஃபிரண்டிலிருந்து படகில் ஒரு மணி நேரம், கடல் அமைதியாக இருந்தால் சுகமான பயணம். ஆனால் இந்திய பாஸ்போர்ட்டுக்கு இங்கே விசா உண்டு, போய் இறங்கியும் எடுக்கலாம், முன்கூட்டியே இணையத்திலும் எடுக்கலாம். தலைக்கு ஐந்து லட்சம் ருப்பியா. "அஞ்சு லட்சமா!" என்று மாமா சோபாவிலிருந்து எழுந்துவிட்டார். நம் ரூபாயில் மூவாயிரத்துக்குள் என்று சொல்லி உட்கார வைத்தேன். ஆனாலும் நாலு பேருக்கு விசா, படகு எல்லாம் கூட்டிப் பார்த்தால், சாப்பிட்டுவிட்டுச் சாயங்காலமே திரும்ப அது கட்டுப்படியாகாது. சிங்கப்பூர்க்கார நண்பர்கள் விசா இல்லாமல் போய் வருவதைப் பார்த்து நாம் கணக்குப் போடக் கூடாது. போனால் எங்களைப் போல ஒரு இரவு தங்குங்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் மீதி இருக்க வேண்டும், திரும்பும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும்.

இன்னொன்று, பாத்தாம் கடிகாரம் சிங்கப்பூரை விட ஒரு மணி நேரம் பின்னால். போன் தானாக மாறிக்கொள்ளும். மாமாவின் எச்எம்டி மாறாது. திரும்பும் படகு ஐந்து மணிக்கு. ஹோட்டலில் அவர் கடிகாரத்தைப் பார்த்து எல்லோரையும் விரட்டிக் கிளப்பி, படகுத்துறையில் தேவைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக உட்கார வைத்துவிட்டார். இது பரவாயில்லாத தப்பு. யாராவது "கடைசிப் படகு எட்டு மணிக்கு" என்று சொன்னால், எந்த ஊர் எட்டு என்று கேளுங்கள். அதில் தப்பினால் ஒரு ராத்திரி அங்கேதான்.

சொந்தக் காரில் போவதைப் பற்றி என் கணவர் இரண்டு வரி சேர்க்கச் சொன்னார். சிங்கப்பூர் வண்டி வெளியேறும்போது டாங்கியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திருப்பி அனுப்பி அபராதமும் போடுவார்கள். மலேசியாவின் வாகன நுழைவு அனுமதி 2025 ஜூலையிலிருந்து கட்டாயமாகிவிட்டது, இல்லாமல் பிடிபட்டால் 300 ரிங்கிட் அபராதம். அங்கே சலுகை விலை பெட்ரோலை வெளிநாட்டு வண்டிக்குப் போடக் கூடாது. எங்களிடம் கார் இல்லை, இவருக்கு ஏன் இந்த ஆர்வம் என்று தெரியவில்லை.

ஊருக்குக் கிளம்ப ஒரு வாரம் இருந்தபோது மாமா மறுபடி ஜன்னலில் நின்றார். "அந்தப் பாலத்துல ரயில் போகுதே, அதுல போகலியே?" என்றார். உட்லண்ட்ஸுக்கும் ஜேபி சென்ட்ரலுக்கும் நடுவே ஓடுகிற ஷட்டில் தெப்ராவ் ரயில். வாரக் கடைசி டிக்கெட்டுகள் முன்னாடியே தீர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமைக்குக் கிடைத்தது, இருவரும் லீவு போட்டோம். டிக்கெட் எடுக்கும்போதே பாஸ்போர்ட் எண் கேட்பார்கள், அரை மணி நேரம் முன்னால் போய்விட வேண்டும். இந்தப் பக்கம் ஏறினால் ஐந்து வெள்ளி, அந்தப் பக்கம் ஏறினால் ஐந்து ரிங்கிட். ஒரே தூரம், மூன்று மடங்கு விலை. போகும்போது பஸ், திரும்பும்போது ரயில் என்று வைத்துக்கொண்டால் காசும் மிச்சம், கூட்டமும் மிச்சம். ஆனால் மாமாவுக்காக இரண்டு வழியும் ரயில்தான் எடுத்தோம். போகும்போது சிங்கப்பூர்க் கவுன்டரும் மலேசியக் கவுன்டரும் உட்லண்ட்ஸிலேயே அடுத்தடுத்து இருக்கின்றன. இரண்டையும் முடித்துவிட்டு ஏறினால் அந்தப் பக்கம் நேராக ஊருக்குள் நடக்கலாம். எந்த அட்டையும் வரிசையில் நின்று நிரப்பவில்லை. மாமா விரலுக்குக் காலையிலேயே எண்ணெய் தடவியிருந்தேன்.

மாமா ஜன்னலோர இருக்கையைப் பிடித்தார். ரயில் பாலத்தில் ஏறியதும் கிழக்குப் பக்கம் திரும்பி, தண்ணீருக்கு அப்பால் தெரிகிற கட்டடங்களில் எங்கள் சமையலறை ஜன்னலைத் தேட ஆரம்பித்தார். "அந்த மஞ்சக் கட்டடமா? அதுக்குப் பக்கத்துலயா?" என்று விரலை நீட்டி எண்ணிக்கொண்டே வந்தார். நான் காட்டுவதற்குள் ரயில் நின்றுவிட்டது. ஐந்து நிமிஷம்தான்.

"அதுக்குள்ள வந்துடுச்சா? சரி, திரும்பும்போது பார்த்துக்கலாம், அந்தப் பக்கம் சீட்டு போடச் சொல்லும்மா" என்றார்.